மாத்திரை சாப்பிட்டால் பாட்டு போய்விடுமா?

கேள்வி:

டாக்டர், என் தம்பிக்கு 23 வயது. கிடார் வாசிப்பான், சொந்தமாகப் பாட்டு எழுதுவான். ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டான். அறையை விட்டு வெளியே வருவதில்லை, நண்பர்கள் போன் செய்தால் எடுப்பதில்லை. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் அவன் கிடார் பெட்டியைத் திறந்தபோது பிரிக்காத மாத்திரை அட்டைகள் நான்கு கிடந்தன. கேட்டால், "இதைச் சாப்பிட்டா எனக்குப் பாட்டு வராதுக்கா" என்கிறான். நிக் டிரேக் என்ற ஆங்கிலப் பாடகர்தான் அவனுக்கு எல்லாம். "அவர் நல்லா இருந்திருந்தா அந்தப் பாட்டெல்லாம் வந்திருக்குமா? 26 வருஷம், மூணு ஆல்பம், போதுமே" என்று ஒருநாள் சொன்னான். அப்பா, "சினிமா வசனம் பேசறான், விடு" என்கிறார். அந்தப் பாட்டுகளை அவன் போனிலிருந்து அழித்துவிடலாமா? மாத்திரை நிஜமாகவே பாட்டைக் கொன்றுவிடுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகவே எழுதாத ஒன்று நடுவில் இருக்கிறது. "26 வருஷம் போதும்" என்ற அந்த வாக்கியம். முதலில் அதைப் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததில் உங்கள் தம்பி எனக்கும் தம்பி போல ஆகிவிட்டான், அதனால் 'அவன்' என்றே எழுதுகிறேன்.

அப்பா சொல்வதுபோல அது வசனமாகவே இருக்கலாம். 23 வயதில் நாம் எல்லோரும் ஏதாவது பெரிய வசனம் பேசியிருக்கிறோம். ஆனால் ஒரு வருடமாக ஒதுங்கி இருப்பவன், மாத்திரையை ஒளித்து வைப்பவன், தனக்கு மிகவும் பிடித்த ஒருவர் இறந்த வயதைச் சொல்லி "போதும்" என்றால், அதை வசனம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. இன்றைக்கே, முடியாவிட்டால் நாளைக்கு, தனியாக உட்கார்ந்து அவனிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" சுற்றி வளைக்க வேண்டாம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாக் குடும்பங்களும் பயப்படுகின்றன. அப்படி ஆவதில்லை. இதை நிறைய ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். கேட்டதும் பெரும்பாலானவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள், "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே" என்று. அவன் ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, அன்றே அவன் மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவனைத் தனியே விடாதீர்கள். இந்தியாவில் இருக்கிறீர்கள் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

அப்புறம் அந்த நான்கு அட்டைகள். அவை இன்னும் கிடார் பெட்டியில்தான் இருக்கின்றனவா? எடுத்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் மற்ற மருந்துகளையும் சேர்த்து உங்கள் கையிலோ அம்மா கையிலோ வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மீண்டும் தொடங்கச் சொன்ன பிறகு, அன்றாட மாத்திரையை அன்றன்றைக்குக் கொடுங்கள். அவன் கோபப்படுவான், "நான் என்ன குழந்தையா" என்பான். பரவாயில்லை.

சரி, இனி நிக் டிரேக்.

நானும் அவர் ரசிகன்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மேற்படிப்புக் காலத்தில் இரவுப் பணி முடிந்து வந்தால் அறை நண்பன் அவருடைய 'பிங்க் மூன்' ஆல்பத்தைப் போட்டு வைத்திருப்பான். ஒரு குரல், ஒரு கிடார், அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்போது நானும் உங்கள் தம்பியைப் போலத்தான் நினைத்தேன்: இத்தனை துக்கம் இல்லாவிட்டால் இப்படிப் பாட முடியாது என்று. பின்னால் அவர் வாழ்க்கையை ஒரு மருத்துவனாகப் படித்தபோது, கதை கிட்டத்தட்ட தலைகீழ் என்று தெரிந்தது.

அவர் பிறந்தது 1948இல், ரங்கூனில். அப்பா ராட்னி அங்கே தேக்கு மர வியாபாரம் செய்த பிரிட்டிஷ் கம்பெனியில் பொறியாளர். குழந்தை சின்னதாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பி, வார்விக்ஷையரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் 'ஃபார் லீஸ்' என்ற வீட்டில் குடியேறியது. அந்த வீட்டில் ஒரு பியானோ இருந்தது. அம்மா மோலி அதில் உட்கார்ந்து தானே எழுதிய பாட்டுகளைத் தானே பாடுவார். அப்பா அதை வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவுசெய்து வைத்திருக்கிறார். மோலி இறந்து இருபது ஆண்டுக்குப் பிறகு, 2013இல், அவை ஆல்பமாக வந்தன. அதைக் கேட்டவர்கள் பலரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்: மெட்டு எதிர்பாராத இடத்தில் தழைவது, சொல்லை மெதுவாகக் கீழே வைப்பது, எல்லாம் மகனிடம் கேட்டது, முதலில் அம்மாவிடம் இருந்திருக்கிறது. பாட்டு எங்கிருந்து வந்தது என்று உங்கள் தம்பி கேட்டால், முதல் பதில் அந்தப் பியானோ.

இரண்டாவது பதில், உழைப்பு. கிடார் வாசிப்பவனுக்கு இது புரியும். டிரேக் வழக்கமான சுருதியில் வாசிப்பது குறைவு. பாட்டுக்குப் பாட்டு கம்பிகளை வேறு வேறு விதமாகச் சுருதி மாற்றிக் கட்டுவார். அவருடைய 'ரிவர் மேன்' ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது, நம் கர்நாடக இசைத் தாளக் கணக்கில் கண்டம். அந்த ஐந்தைக் கட்டைவிரல் பிடித்துக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் வேறு வேலை செய்ய, மேலே குரல் எந்த அவசரமும் இல்லாமல் மிதக்கும். இதற்கு எத்தனை ஆயிரம் மணி நேரம் ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்க வேண்டும் என்று தம்பியிடமே கேளுங்கள். அந்த மணி நேரங்களை அவர் உட்கார்ந்து செலவழித்தது உடம்பும் மனமும் நன்றாக இருந்த வயதில்.

முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' பதிவானபோது அவர் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த மாணவர். வயது இருபது. தயாரிப்பாளர் ஜோ பாய்ட் ஒரு தொழில்முறை இசை அமைப்பாளரை வரவழைத்து வயலின், செல்லோ பகுதிகளை எழுதவைத்தார். டிரேக்குக்கு அது பிடிக்கவில்லை. அதிகம் பேசாத, வெட்கப்படுகிற அந்தப் பையன், "என் கல்லூரி நண்பன் ஒருவன் இருக்கிறான், அவன் எழுதட்டும்" என்றார். ராபர்ட் கிர்பி என்ற அந்த நண்பருக்கு அதற்கு முன் ஸ்டூடியோ அனுபவமே கிடையாது. அவர் எழுதியவைதான் இன்றைக்கும் உங்கள் தம்பி கேட்டு உருகுகிறவை. யோசித்துப் பாருங்கள். முதல் ஆல்பம், பெரிய தயாரிப்பாளர், அவர் கொண்டுவந்த நிபுணரை வேண்டாம் என்று சொல்லும் தெளிவு. மனச்சோர்வில் இருப்பவரால் காலையில் எந்தச் சட்டை போடுவது என்றுகூட முடிவெடுக்க முடியாது. அன்றைக்கு அவர் நோயாளியாக இருக்கவில்லை.

பட்டம் வாங்க ஒன்பது மாதம் இருக்கும்போது படிப்பை விட்டார். அப்பா, ஒரு பட்டம் இருந்தால் பின்னால் பிடிமானமாக இருக்குமே என்று எழுதினார். பிடிமானம்தான் தனக்கு வேண்டாதது என்று பதில் வந்தது. இதையும் நோயின் முதல் அறிகுறி என்று சிலர் படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதுப் பிடிவாதம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் நோயாக்கிவிடும் பழக்கம் என் துறைக்கும் உண்டு, ரசிகர்களுக்கும் உண்டு.

நோய் மெல்ல மெல்லத்தான் வந்தது. லண்டனில் தனி அறை, நிறைய கஞ்சா, மேடை பயம். ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி மாற்ற நேரம் பிடிக்கும். இடையில் கூட்டத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேச அவருக்கு வராது, கூட்டம் தனக்குள் பேச ஆரம்பித்துவிடும். 1970 ஜூனில் ஈவெல் தொழில்நுட்பக் கல்லூரியில் ஒரு கச்சேரி. அதே கச்சேரியில் பாடிய இன்னொரு பாடகர் ரால்ஃப் மெக்டெல் பின்னால் நினைவுகூர்ந்திருக்கிறார்: 'ஃப்ரூட் ட்ரீ' பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு டிரேக் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் மேடை ஏறியதாக நமக்குத் தெரிந்து எதுவும் இல்லை என்றே சொல்லலாம். கலைஞனின் கர்வம் என்று அன்றைக்குச் சிலர் நினைத்திருப்பார்கள். இன்றைக்கு அந்தக் காட்சியைப் படித்தால், நண்பர்களின் போனை எடுக்காத உங்கள் தம்பிதான் எனக்கு நினைவுக்கு வருகிறான்.

அந்த 'ஃப்ரூட் ட்ரீ' பற்றி ஒரு வார்த்தை. புகழ் என்பது இறந்த பிறகுதான் காய்க்கும் மரம் என்ற கருத்தில் அவர் எழுதிய பாட்டு அது. பின்னால் அப்படியே நடந்துவிட்டதால் தீர்க்கதரிசனம் என்கிறார்கள். உங்கள் தம்பியும் அதைச் சொல்லியிருப்பான் என்று பந்தயம் கட்டுவேன். உலகத்தில் எத்தனை இளைஞர்கள் இருபது வயதுக்குள் மரணத்தைப் பற்றிப் பாட்டும் கவிதையும் எழுதிவிட்டு, அப்புறம் கல்யாணம் செய்து, தொப்பை போட்டு, பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்திருக்கிறார்கள்! அவர்கள் எழுதியதை யாரும் தீர்க்கதரிசனம் என்று எடுத்து வைத்துக்கொள்வதில்லை. 'வெர்தர்' என்ற நாவலை எழுதிய கதேயைப் பாருங்கள். காதலில் தோற்ற இளைஞன் உயிரை விடும் கதை. 1774இல் வந்தபோது படித்துவிட்டு அதே வழியில் போனவர்கள் உண்டு என்று ஐரோப்பாவே பயந்தது. எழுதியவர் 82 வயது வரை வாழ்ந்தார்.

இப்போது உங்கள் தம்பியின் வலுவான சாட்சிக்கு வருகிறேன். 'பிங்க் மூன்.' 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட்டைத் தவிர யாரும் இல்லாத ஸ்டூடியோவில் பதிவானது. பதினொரு பாட்டு. தலைப்புப் பாட்டில் வரும் சிறிய பியானோப் பகுதியைத் தவிர வேறு எந்த வாத்தியமும் சேர்க்கவில்லை. அப்போது அவர் நோயாளிதான், அதில் சந்தேகமில்லை. அது மகத்தான ஆல்பம், அதிலும் சந்தேகமில்லை. அப்படியானால் நோய்தானே தந்தது?

இல்லை. அதில் சில பாட்டுகள் முன்பே எழுதி வைத்திருந்தவை. விரல்கள் பல ஆண்டு பழகியவை. நோய் முழுதாக மூடுவதற்கு முன் கிடைத்த ஒரு இடைவெளியில், கையில் இருந்ததை எடுத்து வைத்துவிட்டுப் போனார். நோய்தான் பாட்டைக் கொடுத்தது என்றால், அது முற்றியபோது இன்னும் நிறையக் கொடுத்திருக்க வேண்டும் இல்லையா? அடுத்த வருடம் நிலைகுலைந்து ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்தார். அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 1974இல் கடைசியாக ஸ்டூடியோவுக்கு வந்தபோது கிடைத்தவை ஐந்து பாட்டுக்கு மேல் இல்லை. அந்தப் பதிவைப் பற்றிய ஒரு தகவலை நான் மறந்ததே இல்லை. அவரால் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. கிடாரை மட்டும் முதலில் பதிவுசெய்து, பிறகு அதன்மேல் குரலைத் தனியாகப் பதிவுசெய்தார்கள்.

இதைத் தம்பியிடம் சொல்லுங்கள். 'ரிவர் மேன்' வாசித்த அதே கை அது. ஐந்து எண்ணிக்கையைக் கட்டைவிரலில் வைத்துக்கொண்டு அலட்சியமாகப் பாடிய மனிதர். ஐந்து வருடத்தில் கையும் குரலும் சேர்ந்து போக முடியாத நிலை. கடும் மனச்சோர்வில் சிந்தனையும் உடல் அசைவும் சேர்ந்தே மந்தமாகிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஆள் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும். என் நோயாளிகளில் தையல் வேலை செய்த ஒருவர், ஊசியில் நூல் கோக்க அரைமணி நேரம் ஆகிறது என்று அழுதார். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. டிரேக்கின் நோய் சரியாக என்ன என்பதில் அன்றைய மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது, ஐம்பது ஆண்டு கழித்து நான் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. ஆனால் அது என்னவாக இருந்தாலும், அவர் பாட்டைத் தின்றது அதுதான். மாத்திரை அல்ல.

அவரும் மாத்திரையை ஒளித்தவர் தெரியுமா? 1971இல் குடும்பத்தார் வற்புறுத்தி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிடுவது அவருக்கு அவமானமாக இருந்தது. நண்பர்களுக்குத் தெரியாமல் மறைத்தார். உங்கள் தம்பியின் கிடார் பெட்டி வரிகளைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மாத்திரை பாட்டைக் கொல்லுமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தம்பி சொல்வதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. மனச்சோர்வு மருந்து சாப்பிடுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு உணர்ச்சி மழுங்கினாற்போல இருக்கும். "அழுகையும் வரலை, சிரிப்பும் வரலை, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்பார்கள். இது கற்பனை அல்ல. எழுதுகிறவனுக்கு, பாடுகிறவனுக்கு, இது மற்றவர்களைவிட முதலில் தெரியும். ஆனால் இதற்கு வழி இருக்கிறது: அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாறுவது, மருந்தோடு பேச்சு சிகிச்சை சேர்ப்பது. ஒரு மருந்து ஒத்துவராவிட்டால் இன்னொன்று இருக்கிறது. ஒளித்து வைத்தால் மட்டும் எந்த வழியும் இல்லை. மருத்துவர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

உங்கள் தம்பி ஒரு மாத்திரையாவது சாப்பிட்டானா, ஆரம்பத்திலிருந்தே இல்லையா, நடுவில் நிறுத்தினானா என்பதும் முக்கியம். இந்த மருந்துகள் வேலை செய்ய இரண்டிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் குமட்டல், தூக்கக் கோளாறு, படபடப்பு எல்லாம் முன்னால் வந்துவிடும். கெட்டது முதலில், நல்லது பின்னால். இரண்டாவது வாரத்தில் நிறுத்துகிறவர்கள் கெட்டதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்து திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல ஒரு உணர்வு வரும். அதையும் "பார், மாத்திரை என்னைக் கெடுத்துவிட்டது" என்று படித்துக்கொள்வார்கள். இன்னொன்று: 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்து தொடங்கும்போதும் அளவு மாற்றும்போதும் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் சிலருக்குக் கூடலாம் என்று எச்சரிக்கை உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. மீண்டும் தொடங்கும்போது நீங்களாக அட்டையைப் பிரித்துக் கொடுத்துவிடாமல், மருத்துவரிடம் போய், "இத்தனை நாள் சாப்பிடவில்லை" என்று உள்ளதைச் சொல்லி, அவர் சொல்கிறபடி தொடங்குங்கள். வாரம் ஒருமுறையாவது அவர் அவனைப் பார்க்கட்டும். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். பாதிப் பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

மருத்துவரிடம் தம்பி ஒரு விஷயத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும்: "நான் பாட்டு எழுதுகிறவன், அது போய்விடும் என்று பயமாக இருக்கிறது." இதைச் சொன்னால் நல்ல மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் விதமே மாறும். தூக்கம், பசி என்று கேட்பதோடு, "இந்த வாரம் கிடாரை எத்தனை நாள் எடுத்தாய்?" என்றும் கேட்பார். நான் அப்படிக் கேட்பதுண்டு. குணமாகிறதா என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைத்ததில்லை.

பாட்டுகளை அழிக்கலாமா என்றீர்கள். வேண்டவே வேண்டாம். அழித்தால் ஐந்து நிமிடத்தில் திரும்ப வந்துவிடும், உங்கள்மேல் இருக்கும் நம்பிக்கை திரும்ப வராது. சோகப் பாட்டு மனச்சோர்வை உண்டாக்குவதில்லை. நம் நிலைமை இன்னொருவருக்கும் தெரிந்திருக்கிறது என்ற ஆறுதலையும் தருகிறது. பாட்டைவிட என்னைக் கவலைப்பட வைப்பது பாட்டைச் சுற்றிக் கட்டிய கதை. உயிரோடு இருந்தவரை எந்த ஆல்பமும் ஐயாயிரம் பிரதிகூட விற்கவில்லை, இசைத்தட்டுக் கம்பெனி வாரத்துக்கு இருபது பவுண்டு கொடுத்தது, 26 வயதில் இறந்தார், 1999இல் ஒரு கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' வந்ததும் உலகமே கொண்டாடியது. இந்தக் கதையில் மரணம் என்னவோ பதவி உயர்வு மாதிரி இருக்கிறது. உண்மையில் அந்த 25 வருடத்தில் என்ன நடந்தது என்றால், அவருடைய நண்பர்களும் ஒலிப்பதிவாளரும் பெற்றோரும் அந்தப் பாட்டுகளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1979இல் தொகுப்பாக வந்தது, புதிதாகப் பாட வந்தவர்கள் கேட்டார்கள், வாய்வழியாகப் பரவியது. இறந்ததால் வந்த புகழ் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன். 76 வயதிலும் அவரே மேடையில் உட்கார்ந்து அதே பாட்டுகளைப் பாடியிருக்கலாம். அவர் வயதுக்காரர்கள் பலர் பாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ரசிகர்கள் அந்தக் கதையை வாசலுக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் வேறு மாதிரி. கடைசி மூன்று ஆண்டுகள் அவர் பெரும்பாலும் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார். வீடு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு எங்கும் இருக்க முடியவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். காரை எடுத்துக்கொண்டு நோக்கமே இல்லாமல் மணிக்கணக்காக ஓட்டுவார். பெட்ரோல் தீர்ந்து எங்கேயாவது நிற்கும். போன் வரும். அப்பா எழுந்து கிளம்பிப் போய்க் கூட்டி வருவார். ராட்னி மகனுடைய நிலையை நாட்குறிப்பில் எழுதி வைத்தார், இன்று பேசினான், இன்று சாப்பிடவில்லை என்பதுபோல. இரவில் மகன் சமையலறைக்கு இறங்குவது கேட்டால் அம்மாவும் எழுந்து போய்க் கூட உட்காருவாராம். 1974 நவம்பரில் ஒரு இரவு அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுநாள் அவர்தான் அறைக் கதவைத் திறந்தார். மருத்துவர் கொடுத்த மாத்திரை அளவுக்கு மீறிப் போயிருந்தது. மரண விசாரணை அதிகாரி தற்கொலை என்று எழுதினார். அதுதானா, தூக்கம் வராமல் கணக்குத் தப்பியதா என்று குடும்பத்துக்குள் கடைசிவரை ஒரே கருத்து இல்லை. அதற்குச் சில வாரம் முன்புதான் பாரிஸ் போய்வந்து, கொஞ்சம் தெளிந்தாற்போல இருந்தார்.

அக்காவாக இருக்கும் உங்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கும் ஒரு அக்கா உண்டு, கேப்ரியல், நடிகை. தம்பியின் பாட்டையும் கடிதங்களையும் இன்றுவரை காத்து வருபவர். அந்தக் குடும்பம் எதையும் குறைவாகச் செய்யவில்லை. இருந்தும் நடந்தது. அவர்கள் கையில் அன்றைக்கு இருந்த மருந்துகள் பழைய வகை. அளவு மீறினால் இதயத்தைத் தாக்கக்கூடியவை. இப்போது பெரும்பாலும் முதலில் கொடுப்பவை பாதுகாப்பில் எவ்வளவோ மேல், பேச்சு சிகிச்சையும் வளர்ந்திருக்கிறது. அவர்களிடம் இல்லாத சில கருவிகள் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் எல்லாச் சுமையையும் நீங்கள் தனியாகத் தூக்காதீர்கள். இரவில் முழித்திருந்து காவல் காப்பது அம்மா, அப்பா, நீங்கள் என்று மூன்று பேருக்குப் பிரியட்டும். அப்பாவை அடுத்த முறை மருத்துவரிடம் கூட அழைத்துப் போங்கள். "வசனம் பேசறான்" என்று சொல்லும் அப்பாக்கள் பெரும்பாலும் உள்ளே பயந்து போயிருப்பவர்கள். மருத்துவர் வாயால் கேட்டால் வேலையில் இறங்கிவிடுவார்கள்.

இன்னொரு சின்ன வேலை. தம்பியோடு உட்கார்ந்து மோலி டிரேக் பாட்டுகளைக் கேளுங்கள். பாடம் நடத்த வேண்டாம், சும்மா போட்டுவிடுங்கள். வீட்டு டேப்பில் பதிந்தது, பின்னால் லேசான இரைச்சல் இருக்கும். மகன் இறந்த பிறகு அந்த வீட்டு வாசலில் முன்பின் தெரியாத இளைஞர்கள் வந்து நிற்பார்கள், நாங்கள் நிக்கின் ரசிகர்கள் என்று. மோலியும் ராட்னியும் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, அவர் அறையைக் காட்டி அனுப்புவார்கள். பல ஆண்டு அப்படி நடந்தது. அந்த இளைஞர்களில் ஒருவனாகத்தான் உங்கள் தம்பி இப்போது நிற்கிறான். தேநீர்க் கோப்பையை நீட்டியவர்கள் யார் என்பது அவனுக்கு ஒரு தடவையாவது தெரியட்டும். கேட்டு முடித்ததும் கிடாரை எடுத்தான் என்றால் அவன் எந்தச் சுருதியில் கட்டுகிறான் என்று மட்டும் கேளுங்கள், வேறு எதுவும் கேட்காதீர்கள்.

இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். நேராகக் கேட்டீர்களா, என்ன சொன்னான், அந்த நான்கு அட்டைகள் இப்போது எங்கே இருக்கின்றன, இந்த மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.